'பயப்பட ஒன்றுமில்லை' என்ற பிறகும்: நோய்ப் பயத்தை எப்படி அளக்கிறார்கள்?

திண்டுக்கல்லில் இருக்கும் என் அத்தைக்கு 63 வயது. கடந்த மூன்று ஆண்டுகளில் நான்கு முறை ஈசிஜி எடுத்துவிட்டார், இரண்டு முறை எக்கோ. எல்லாம் நார்மல். "பயப்பட ஒண்ணுமில்லம்மா" என்று டாக்டர் சொல்லி அனுப்புவார். ஒரு வாரம், பத்து நாள் நன்றாக இருப்பார். பிறகு ஏதோ ஒரு ராத்திரி நெஞ்சுக்குள் என்னவோ துள்ளியதுபோல இருக்கும். எழுந்து உட்கார்ந்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மணிக்கட்டில் விரல் வைத்து நாடி எண்ணுவார். எண்ண எண்ணத் துடிப்பு கூடும். விடிந்ததும் ரிப்போர்ட்டுகள் இருக்கும் மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

வீட்டில் இதற்கு வைத்திருக்கும் பெயர் மனப்பிராந்தி. மருத்துவ உலகில் ஹெல்த் ஆங்ஸைட்டி என்கிறார்கள். உடல்நலம் குறித்த பதற்றம். எல்லோருக்கும் கொஞ்சம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கட்டி தட்டுப்பட்டால் பயந்து டாக்டரிடம் போகிறவர்தான் பிழைக்கிறார். அளவு மீறும்போதுதான் சிக்கல். அந்த அளவைச் சொல்வது யார்? காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது, பயத்துக்கு எதைக் கக்கத்தில் வைப்பது? மனநல ஆய்வாளர்கள் கிட்டத்தட்ட 60 ஆண்டுகளாக இதற்குக் கேள்வித்தாள்களைத் தயாரித்துத் திருத்திவருகிறார்கள். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, அப்படி ஒரு தாளை எனக்குத் தெரிந்த தமிழில் மாற்றி எழுதிக்கொண்டு அத்தையுடன் உட்கார்ந்தேன். நான் மருத்துவன் அல்ல, அவருக்கு நோய்ப் பெயர் சூட்டும் எண்ணமும் இல்லை. அவர் சொல்வதை ஒருமுறையாவது வரிசையாகக் கேட்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

முதலில் அந்தத் தாள்களின் கதை.

பழைய பெயர் ஹைப்போகாண்ட்ரியாசிஸ். கிரேக்க மொழியில் விலாக் குருத்தெலும்புக்குக் கீழே உள்ள வயிற்றுப் பகுதியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மனச்சோர்வும் இனம்புரியாத பயமும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன என்று அந்தக் கால வைத்தியர்கள் நம்பினார்கள். 'வயிற்றில் புளியைக் கரைக்கிறது' என்று சொல்லும் நமக்கு அது அந்நியமான எண்ணம் அல்ல. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் ஒருவருக்கு இது இருக்கிறதா என்பது பெரும்பாலும் எதிரே உட்கார்ந்திருந்த டாக்டரின் அபிப்பிராயம்தான். பொறுமையான டாக்டருக்குக் கவலைப்படுகிறவராகத் தெரிபவர், பொறுமையில்லாத டாக்டருக்குத் தொல்லை கொடுப்பவராகத் தெரிவார்.

1967-ல் இஸ்ஸி பிலோவ்ஸ்கி என்ற மனநல மருத்துவர் 14 கேள்விகள் கொண்ட ஒரு தாளை வெளியிட்டார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் இருந்த வொய்ட்லி வுட் கிளினிக்கின் பெயரால் அது வொய்ட்லி இண்டெக்ஸ் எனப்படுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை. நமக்குக் கடுமையான நோய் இருக்குமோ என்று அடிக்கடி நினைப்பதுண்டா, டிவியிலோ பேப்பரிலோ ஒரு நோயைப் பற்றி அறிந்தால் அது தனக்கும் வருமோ என்று பயப்படுவதுண்டா, ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்வதை நம்பக் கடினமாக இருக்கிறதா என்று இந்தப் போக்கில் போகும் கேள்விகள்.

பதில்களைக் கூட்டியதோடு பிலோவ்ஸ்கி நிறுத்தவில்லை. எந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றவர்கள் வேறு எந்தக் கேள்விக்கும் 'ஆம்' என்கிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். கேள்விகள் மூன்று கொத்துகளாகப் பிரிந்தன. எந்நேரமும் உடம்பின் மேலேயே கவனம் இருப்பது ஒன்று. நோய் வந்துவிடுமோ என்ற பயம் இன்னொன்று. நோய் இருக்கிறது என்ற உறுதி, அதுவும் டாக்டர் எத்தனை சொன்னாலும் கரையாத உறுதி, மூன்றாவது.

இந்தப் பிரிப்பு எனக்கு முக்கியமாகப் படுகிறது. நோய் வந்துவிடுமோ என்று நடுங்குகிறவர் ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்காமல் இருக்கலாம்; டெஸ்ட் எடுத்தால் எதையாவது சொல்லிவிடுவார்களே என்ற பயம். நோய் இருக்கிறது என்று உறுதியாக நம்புகிறவர் ஒரு டாக்டர் மாற்றி ஒரு டாக்டரிடம் போய்க்கொண்டே இருப்பார். இருவருக்கும் கூட்டுத்தொகை ஒன்றாக வரலாம், ஆள் வேறு, உதவியும் வேறு. அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலான டிஎஸ்எம், 2013-ல் ஐந்தாம் பதிப்பில் ஹைப்போகாண்ட்ரியாசிஸ் என்ற பெயரையே எடுத்துவிட்டு 'நோய்ப் பதற்றக் கோளாறு' என்ற பொருள்படும் பெயரைச் சேர்த்தபோது, மருத்துவத்தைத் தேடி ஓடும் வகை, தவிர்க்கும் வகை என்று இரண்டையும் தனித்தனியாகக் குறித்தது.

ராபர்ட் கெல்னர் என்ற ஆய்வாளரையும் இங்கே சொல்ல வேண்டும். நோய் குறித்த மனப்பாங்குகளை அளக்க அவர் ஒரு தாளை உருவாக்கினார். மருத்துவ மாணவர்கள் எந்த நோயைப் படிக்கிறார்களோ அது தனக்கும் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள் என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கதை. கெல்னரும் உடன் உழைத்தவர்களும் மருத்துவ மாணவர்களைச் சட்ட மாணவர்களோடு ஒப்பிட்டு 1986-ல் எழுதினார்கள். மருத்துவ மாணவர்களுக்கு அந்தப் பயம் கூடுதலாக இல்லை. அளந்து பார்க்காமல் இருந்திருந்தால் அந்தக் கதை உண்மையாகவே நின்றிருக்கும்.

வொய்ட்லி தாளில் ஒரு குறை உண்டு. உடம்பில் பல இடங்களில் வலி, உளைச்சல் உங்களைத் தொந்தரவு செய்கிறதா என்று அது கேட்கிறது. மூட்டுவாதக்காரர் ஒருவர் வேறு என்ன சொல்வார்? உண்மையாகவே நோய் உள்ளவருக்கு, நோயின் காரணமாகவே மார்க் ஏறுகிறது. இதைச் சரிசெய்யும் நோக்கத்தோடுதான் உளவியலாளர் பால் சால்கோவ்ஸ்கிஸும் அவரோடு உழைத்த மூவரும் 2002-ல் ஹெல்த் ஆங்ஸைட்டி இன்வெண்டரி என்ற தாளை வெளியிட்டார்கள். நீண்ட வடிவத்தில் 64 கேள்விகள், குறுகிய வடிவத்தில் 18. இன்று அதிகம் புழங்குவது குறுகியதுதான். ஆம், இல்லை என்பது இதில் கிடையாது. ஒவ்வொரு கேள்வி எண்ணிலும் நான்கு வாக்கியங்கள் படிப்படியாக ஏறும். உதாரணமாக, உடம்பில் ஏதாவது உணர்ந்தால் அதன் காரணம் என்னவென்று யோசிப்பதே இல்லை, சில நேரம் யோசிப்பேன், எப்போதும் யோசிப்பேன், அதை அறிந்தே ஆக வேண்டும் என்ற தவிப்பு வந்துவிடும் என்ற வகையில் அமைந்த படிகள். கடந்த ஆறு மாதத்தில் தன் நிலைக்கு நெருக்கமான வாக்கியத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதிப்பு 0 முதல் 3 வரை. முதல் 14 எண்களுக்கு அதிகபட்சம் 42.

இதன் பின்னால் ஒரு விளக்கம் இருக்கிறது. சால்கோவ்ஸ்கிஸும் ஹிலரி வார்விக்கும் 1980களிலேயே எழுதிய விளக்கம் அது: பயத்தை வளர்ப்பது பெரும்பாலும் பயத்தைத் தணிக்க நாம் செய்யும் காரியம்தான். கழுத்தில் கட்டி இருக்கிறதா என்று ஒரு நாளைக்கு இருபது முறை அழுத்திப் பார்த்தால் அந்த இடம் கன்றி வலிக்கும். வலிப்பதால் இன்னும் அழுத்துவோம். நாடி எண்ணுவதும் அப்படித்தான். டாக்டரின் 'ஒன்றுமில்லை' தரும் நிம்மதி உண்மையானதுதான், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும், அடுத்த முறை அது மறுபடியும் வேண்டியிருக்கும். அத்தையின் மஞ்சப்பைக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படித்ததில்லை.

பயத்தின் அளவை அவர்கள் ஒரு வகுத்தல் கணக்காகவும் சொன்னார்கள். நோய் வர எவ்வளவு வாய்ப்பு என்று ஒருவர் நினைக்கிறார், வந்தால் எவ்வளவு கொடுமை என்று நினைக்கிறார். இரண்டையும் பெருக்க வேண்டும். அதைத் தன்னால் எவ்வளவு சமாளிக்க முடியும், வெளியிலிருந்து எவ்வளவு உதவி வரும் என்ற இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். அதனால்தான் குறுகிய தாளில் 14 எண்களோடு இன்னும் 4 சேர்த்து 18. கடைசி நான்கும், நோய் வந்துவிட்டால் வாழ்க்கை என்ன ஆகும் என்பதைக் கேட்பவை. இவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எந்த எண்ணுக்கு மேல் போனால் அதிகம்? இதுதான் இந்தத் துறையில் மிக எளிதாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம். 42-க்கு 18 என்று வைத்த ஆய்வுகள் உண்டு, 20 என்று வைத்தவையும் உண்டு. அந்தக் கோடு இயற்கையில் இல்லை, நாம் கிழிப்பது. கோடு எங்கே இருந்தாலும் அது எவ்வளவு சரியாகச் சொல்லும் என்பது தாளைப் பொறுத்தது மட்டுமல்ல, அதை யாரிடம் நீட்டுகிறோம் என்பதையும் பொறுத்தது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு தாள், பிரச்சினை உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கிறது, இல்லாத 100 பேரில் 90 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவில் 1,000 பேரிடம் கொடுக்கிறோம், அவர்களில் 50 பேருக்கு மட்டுமே உண்மையில் பிரச்சினை. தாள் 45 பேரைப் பிடிக்கும். மீதி 950 பேரில் 95 பேரையும் தவறாகப் பிடிக்கும். ஆக, கோட்டைத் தாண்டியவர்களில் மூன்றில் இரண்டு பேர் தவறாக மாட்டியவர்கள். அதே தாளை, 1,000 பேரில் 200 பேருக்குப் பிரச்சினை உள்ள ஓர் ஆஸ்பத்திரிப் பிரிவில் கொடுத்தால் 180 பேர் சரியாகவும் 80 பேர் தவறாகவும் பிடிபடுவார்கள். தாள் மாறவில்லை, கோடும் மாறவில்லை. எண்ணின் பொருள் தலைகீழாகிவிட்டது. செல்போனில் 'உங்கள் பதற்றத்தை அளந்துகொள்ளுங்கள்' என்று வரும் தாள்களை நிரப்பி, வந்த எண்ணைப் பார்த்துக் கலங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாராவது சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிப் பிரிவு என்று நான் சொன்னது கற்பனை அல்ல. இங்கிலாந்தில் பீட்டர் டயரர் என்ற மனநல மருத்துவர் தலைமையில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இதயம், நரம்பியல், நுரையீரல், வயிறு, நாளமில்லாச் சுரப்பி ஆகிய புறநோயாளிப் பிரிவுகளில் காத்திருந்த 28,991 பேரிடம் அந்த 14 எண் தாளைக் கொடுத்தார்கள். 20 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் ஐந்தில் ஒருவர். நரம்பியல் பிரிவில் கிட்டத்தட்ட நான்கில் ஒருவர். இவர்களில் உண்மையான நோய் உள்ளவர்களும் இருந்தார்கள். 'நோய் இருந்தால் பயம் நியாயம், இல்லாவிட்டால் மனப்பிராந்தி' என்று நாம் போட்டுவைத்திருக்கும் பாகுபாடு அங்கேயே உடைகிறது. இதய நோயும் இருக்கலாம், அந்த நோய்க்குத் தேவையானதைவிடப் பல மடங்கு பயமும் இருக்கலாம், இரண்டுக்கும் வைத்தியம் தேவைப்படலாம்.

அந்த ஆய்வில் 444 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மருத்துவம் மட்டும். இன்னொரு பிரிவுக்கு அதோடு 5 முதல் 10 அமர்வுகள் வரை எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சு சிகிச்சை. முடிவுகள் 2014-ல் லான்செட் இதழில் வந்தன. ஓராண்டு கழித்து, சிகிச்சை பெற்றவர்களின் மதிப்பு மற்றவர்களைவிட 2.98 அதிகமாகக் குறைந்திருந்தது. சாதாரண அளவுக்கே திரும்பியவர்கள் 13.9 சதவீதம், மற்ற பிரிவில் 7.3. முதலில் படித்தபோது 42-ல் மூன்று புள்ளி என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன். பிறகு தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்று புள்ளி என்றால் மூன்று கேள்விகளில் தலா ஒரு படி இறங்குவது. 'எப்போதும்' என்றிருந்தது 'பல நேரம்' ஆவது, 'என்னால் அந்த நினைப்பைத் தள்ள முடியாது' என்றது 'சிரமப்பட்டுத் தள்ளுவேன்' என்றாவது. ராத்திரி மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு நாடி எண்ணுகிறவருக்கு அந்த ஒரு படியின் அருமை தெரியும்.

'ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்புவது போதாது என்பதற்கு வேறு சான்றுகளும் உண்டு. நார்வேயின் ஹோர்டலாண்ட் பகுதியில் 1953 முதல் 1957 வரை பிறந்த 7,052 பேரிடம் வொய்ட்லி தாளைக் கொடுத்து, 12 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மேல்மட்டத்தில் மதிப்பு வாங்கிய பத்தில் ஒரு பங்கினரில் 6.1 சதவீதம் பேருக்கு இதய ரத்தக்குழாய் நோய் வந்தது. மற்றவர்களில் 3 சதவீதம். புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் ஆபத்து 70 சதவீதம் போல அதிகம். பயம் இதயத்தைக் காக்கவில்லை. ஸ்வீடனில் ஹைப்போகாண்ட்ரியாசிஸ் என்று டாக்டரால் குறிக்கப்பட்ட 4,129 பேரை அவர்களைப் போன்ற பத்து மடங்குப் பேரோடு ஒப்பிட்டபோது, ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு 8.5 என்ற அளவில் இறந்திருந்தார்கள், மற்றவர்கள் 5.5. தற்கொலை நான்கு மடங்கு. இந்த வரியை எழுதும்போது கை தயங்குகிறது. 'எப்பப் பாத்தாலும் இதே புலம்பல்' என்று நாம் தள்ளிவிடும் ஆட்கள் இவர்கள். உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அப்படியொரு எண்ணம் வந்தால் அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

இனி அத்தையும் நானும்.

இங்கிலீஷில் ஒரே சொல்லாக இருப்பது தமிழில் எங்கே போய் உட்காரும் என்பதுதான் முதல் சிக்கல். 'கவலை' என்றேன். "கவலையில்லாத மனுசி யாருடா?" என்று, பேரன் வேலை, மகளின் வீட்டுக் கடன் என்று தொடங்கிவிட்டார். நம் கவலையில் துக்கமும் கலந்திருக்கிறது. 'பதற்றம்' என்றால் புத்தகத் தமிழ். 'படபடப்பு' என்று மாற்றினேன். உடனே நெஞ்சில் கை வைத்து, "அதானே சொல்றேன், படபடன்னு அடிக்குது" என்றார். பேச்சுத் தமிழில் பதற்றத்துக்கு நாம் வைத்திருக்கும் சொல்லே ஓர் இதய அறிகுறி. மனதைக் கேட்கப் போய் நெஞ்சைக் கேட்டுவிடுகிறோம். 'பயம்' என்றால், "எனக்கென்ன பயம்?" என்று ரோஷம் வருகிறது. 'அடிக்கடி' என்றதற்கு, "அடிக்கடின்னா நாளைக்கா, வாரத்துக்கா?" என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி.

முறையாக மொழிபெயர்ப்பவர்கள் ஒருவர் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு மறுபடி இங்கிலீஷாக்கி ஒப்பிடுவார்கள். சிலரிடம் படித்துக்காட்டி என்ன புரிந்தது என்று கேட்பார்கள். பிறகு நிறையப் பேரிடம் கொடுத்து டாக்டரின் முடிவோடு பொருத்திப் பார்ப்பார்கள். சென்னையில் நீரிழிவு ஆய்வோடு சேர்த்து மனச்சோர்வை அளந்தபோது 9 கேள்விகள் கொண்ட பிஎச்கியூ தாளை 12 கேள்விகளாக மாற்றிச் சோதித்துத்தான் பயன்படுத்தினார்கள். வேலூரில் பொது மனநலத்துக்கான 12 கேள்வித் தாளைத் தமிழில் சோதித்திருக்கிறார்கள். அதே வேலூரைச் சேர்ந்த மனநல மருத்துவர் கே.எஸ். ஜேக்கப் பங்கேற்று 1998-ல் வெளியான நேர்காணல் முறை ஒன்று, ஆளிடம் 'உங்கள் தொந்தரவுக்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்' என்று கேட்கிறது. அங்கிருந்து தொடங்குவது சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அத்தையைக் கேட்டிருந்தால் 'வாய்வு' என்றிருப்பார்.

இத்தனையும் சொல்லைப் பற்றியது. கடைசி நான்கு எண்களில் சிக்கல் சொல்லில் இல்லை. கடுமையான நோய் வந்தால் இன்றைய மருத்துவம் குணமாக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு என்று அதில் ஒன்று கேட்கிறது. 1948 முதல் அரசே இலவச மருத்துவம் கொடுக்கும் நாட்டில் எழுதப்பட்ட கேள்வி அது. அங்கே நம்பிக்கை குறைவாக இருந்தால் அதை மனதின் இருட்டு என்று எடுத்துக்கொள்ளலாம். இங்கே? நான் வாசித்து முடித்ததும் அத்தை யோசிக்கவே இல்லை.

"குணமாக்கும்டா. ஏன் ஆக்காது? அதுக்குள்ள தோட்டம் போயிருமே."

மாமா இறந்து அப்போது மூன்று வருடம் முடிந்திருந்தது. நெஞ்சுவலி என்று சேர்த்து, 11 நாள் ஐசியூவில் இருந்தார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை கையில் இருந்தும், சேர்த்த இடத்தில் ஆன செலவுக்கு ஒன்றரை ஏக்கரை விற்க வேண்டியிருந்தது. நோய் வந்தால் எவ்வளவு கொடுமை என்ற கேள்விக்கு அத்தை மேல்படியைத்தான் தேர்ந்தெடுப்பார், அது மிகைக் கற்பனை என்று என்னால் சொல்ல முடியாது. பெருக்கலில் ஓர் எண்ணை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். வகுக்க வேண்டிய உதவியின் எண்ணையும் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"நான் படுத்துட்டா யாருடா பாப்பா? இருக்குறது இந்த வீடு மட்டுந்தான்" என்றார் அடுத்ததற்கு. நான்கு வாக்கியங்களையும் மறுபடி படித்துக்காட்டினேன். எதுவும் தான் சொன்னது இல்லை என்றார்.

நான்கு ஈசிஜியும் மாமாவுக்குப் பிறகு எடுத்தவை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யார் வீட்டில் யாரை இழந்தீர்கள் என்று 18 எண்களில் ஒன்றும் கேட்பதில்லை. 14 வரை வட்டம் போட்டிருந்த தாளின் ஓரத்தில் 'மாமா, 11 நாள், தோட்டம்' என்று எழுதினேன். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டுகளுக்கு மேலே இந்தத் தாளை வைத்துக் கொடுங்கள் என்றேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான் எழுதியதைப் படித்தார். பேனாவை வாங்கி, 11-ஐ அடித்துவிட்டு 12 என்று திருத்தினார். பிறகு தாளை மடித்து மஞ்சப்பைக்குள் வைத்தார்.